ஒரே கோடு நீதியாகுமா?

‘ஓட்டப் பந்தயத்தில் ஏழை பணக்காரன் என்ற பேதம் இல்லை, எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகிறார்கள், வல்லவன் வெல்கிறான்.’ பாடசாலை விளையாட்டு விழா மேடைகளில் ஆண்டுதோறும் ஒலிக்கும் பேச்சு இது. செவிக்கினிய இப்பேச்சை நானூறு மீற்றர் ஓட்டக் களமே மறுத்துரைக்கிறது. அங்கே எட்டு வீரரும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. வளைவில் வெளிப்பாதைக்குத் தூரம் மிகுதி. ஆகையால் இரண்டாம் பாதையில் ஓடுபவர் ஏறத்தாழ 7 மீற்றரும், எட்டாம் பாதையில் ஓடுபவர் ஏறத்தாழ 53 மீற்றரும் முன்னே நிறுத்தப்படுகின்றனர். இதனைச் சலுகையென்று எவரும் தூற்றுவதில்லை. பாதையை அளந்தவர்கள் செய்த நேர்மையான கணக்கு இது.

எங்கள் மலையகப் பிள்ளைகளின் பாதையை எவரேனும் இவ்வாறு அளந்ததுண்டா?

தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று தொட்டு இச்சரிவுகளில் ஏறியிறங்கிய கால்களின் சுறுசுறுப்பு, பறித்த கொழுந்தின் நிறையாகவே மதிக்கப்பட்டு வந்திருக்கிறது. 1948இல், கண்டி திரித்துவக் கல்லூரியிற் பயின்ற டங்கன் வைற், இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப் பதக்கம் வென்றார். நாடு பெருமையுற்றது, நியாயமான பெருமை. அதே ஆண்டில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டமோ தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்தத் தடையைத் தாண்டி முடிக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவை பழங்கதையென்று ஒதுக்குவோர், பிள்ளைகளின் உடலைப் பார்க்கட்டும். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 சதவீதம்; தோட்டப் பகுதிகளில் ஏறத்தாழ 32 சதவீதம். அந்தத் தலைமுறைக் குழந்தைகள்தாம் இன்று எங்கள் மைதானங்களில் ஓட நிற்கிறார்கள்.

ஏப்ரல், ஆகஸ்ட் விடுமுறைகளில் விளையாட்டுப் பயிற்சி நடத்த முற்படும் ஆசிரியர் முன் எழும் அறவினா இதுதான்: வெறுந்தேநீரும் ஒரு துண்டு ரொட்டியும் உண்டு வந்த பிள்ளையை ஓடு என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? ஓட்டத்தினால் மட்டும் தசை வலுப்பெறுவதில்லை. ஓட்டத்தில் களைத்த தசை, பின்வரும் உணவிலும் உறக்கத்திலுமே வலுவடைகிறது. அவ்விரண்டையும் கொடாமல் வாங்கும் உழைப்பு, வளரும் உடலின் முதலையே தின்றுவிடும். பல பாடசாலைகளில் ஆரம்ப வகுப்பினர்க்குக் கிடைக்கும் உணவும் விடுமுறையில் நின்றுவிடுகிறது.

அப்படியாயின் பயிற்சியே வேண்டாமென்பர் இரக்கமுள்ள சிலர். அவர்களுடைய இரக்கத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்கேன். விடுமுறையில் எங்கள் பிள்ளைகள் ஓய்ந்திருப்பதில்லை. விறகு சுமக்கிறார்கள்; தாய் பிரட்டுக்குப் போனபின் தம்பி தங்கையரைச் சிறுமி இடுப்பிற் சுமக்கிறாள். பிறர்க்காகவே இயங்கும் அந்த உடல், கற்களை வரிசையாக வைத்து அவற்றினூடே வளைந்தோடும் அரைமணி நேரத்தில் மட்டுமே தனக்காக இயங்குகிறது. அந்த அரைமணியையும் பறிப்பது எவ்வாறு கருணையாகும்?

ஆதலால் செய்யத்தக்கது பாதையை அளப்பதே. ஓடும் நாளில் ஓர் உருண்டைக் கடலையோ அவித்த பயறோ களத்திலேயே கிடைக்கட்டும். ஒருநாள் கடினப் பயிற்சியானால் மறுநாள் ஓய்வாகட்டும். தம்பியைத் தூக்கிவரும் சிறுமிக்கு, அவனை அமர்த்தவும் ஓரிடம் இருக்கட்டும். எல்லார்க்கும் ஒரே சுற்று என்ற விதியை விட்டு, அவரவர் உடலுக்கேற்ற அளவு வகுக்கப்படட்டும். பதக்கம் வரும்போது மேடையேறும் கல்வி அதிகாரிகளும் தோட்ட நிர்வாகங்களும் இச்செலவில் தங்கள் பங்கை முன்னரே செலுத்தட்டும்.

வெளிப்பாதையில் ஓடுபவரை 53 மீற்றர் முன்னே நிறுத்த ஒருவரும் தயங்கவில்லை. மலையகத்துப் பிள்ளைக்கு ஒரு பிடி பயறு கேட்டால் மட்டும் ஏன் தயங்குகிறோம்?