கூலிக் கணக்கில் ஏறாத பெயர்

மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக முதன்முதல் ஊன்றப்பட்டது 1896ஆம் ஆண்டில், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் என்னும் சீன வணிகரின் நிலத்தில் என்பது சரித்திரம். அதற்குப் பின் அதே மலாக்காவில் மெர்லிமாவையும் ஜாசினையும் சுற்றி எழுந்த தோட்டங்களில் பிறந்த தமிழ்க் குழந்தைகளுள் செவிப்புலன் இல்லாதவரும் புத்தி வளர்ச்சியில் பின்தங்கியவரும் இருந்தார்கள் என்பதைச் சரித்திரம் எழுதவில்லை. அவர்கள் சும்மா இருந்தவர்கள் அல்லர். தாய் பால் வெட்டும் மரநிரையில் பின்தொடர்ந்து, பால் வடியும் மங்கு துடைத்தும், ஒட்டுப்பால் பொறுக்கியும், ஆயாக்கொட்டகையில் தொட்டிலாட்டியும் உழைத்தார்கள்; ஆயினும் அந்த உழைப்பு பெற்றோரின் பால் நிறுவையில் கரைந்து போயிற்றேயன்றி, கிராணி எழுதும் கூலிப் பதிவேடான செக்ரோலில் அவர்கள் பெயர் ஏறியதில்லை. அக்காலத்துத் தோட்டம் எல்லோருக்கும் இடம் கொடுத்தது என்று பெருமூச்சு விடுகிறவர்கள், அந்த இடத்துக்குக் கூலி இருந்ததா என்பதை விசாரிப்பதில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், குடும்பங்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளில் குடியேறியும் விட்ட பின்னர், பழைய நிரையும் இல்லை, அதன் நிழலும் இல்லை. இத்தகைய பிள்ளைக்கு இன்று, மாற்றுத்திறனாளி என்பதற்குச் சமூக நலத்துறை அளிக்கும் ஓகேயூ அட்டை உண்டு. சிறப்புக் கல்வி வகுப்பு உண்டு. தமிழ்ப்பள்ளியில் தொடங்கியவன் இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழிக்கு மாறவேண்டும் என்னும் சிரமத்தையும் தாண்டி, பதினெட்டு, பத்தொன்பது வயது வரை ஆசிரியர்கள் அவனைக் கைப்பிடித்து நடத்துகிறார்கள். அதன்பின் ஒரு நாள் பள்ளி முடிகிறது. மறுநாள் காலையில் சீருடை இல்லை, பேருந்து இல்லை, போக இடமில்லை. அன்று முதல் அவன் யாருடைய பொறுப்பு என்பதே இங்கு எடுத்துக்கொண்ட வினா.

வீட்டின் பொறுப்பு என்று பெற்றோர் பலர் சொல்லுவர். அவர்கள் வாதத்தை அலட்சியமாகத் தள்ளுதல் நியாயமாகாது. மெர்லிமாவிலிருந்து மலாக்கா நகரத்துக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போய் வரவேண்டும்; வழியில் பரிகாசம் செய்வோர் உண்டு; சம்பளத்தில் ஏமாற்றுவோர் உண்டு; பெண்பிள்ளையானால் அச்சம் இரட்டிப்பு. அன்பினால் வந்த இந்த அச்சம் பொய்யானதன்று. ஆனால் அதைச் சுமப்பவர்கள் அநித்தியர். தகப்பனுக்கு அறுபதும் மகனுக்கு முப்பதும் ஆகும்போது, வெளியுலகில் ஒரு மனிதரையும் அறியாத அம்மகனை யார் கையில் ஒப்படைப்பது? இதைவிட முக்கியமானது, வேலைக்குப் போக உனக்கு விருப்பமா என்று அவனைக் கேட்டவர் பெரும்பாலும் இல்லை. அண்ணனைக் கேட்டார்கள், தங்கையைக் கேட்டார்கள்.

ராஜ்யத்தின் பங்கைப் பார்ப்போம். மாற்றுத்திறனாளிகளுக்கான 2008ஆம் ஆண்டுச் சட்டம் வேலையில் சம உரிமையை எழுதி வைத்தது. 2010இல் மலேசியா, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் ஏற்றது. அரசாங்க உத்தியோகங்களில் நூற்றுக்கு ஒன்று என்ற இலக்கும் பல ஆண்டுகளாக உண்டு. அவ்விலக்கு எட்டப்படவில்லை, சட்டத்திலோ, மீறினால் இன்ன தண்டனை என்று ஒரு விதியும் வகுக்கப்படவில்லை. தனியார் முதலாளிக்கு, இத்தகையோருக்குக் கொடுத்த சம்பளத்தை வருமான வரிக் கணக்கில் இரட்டிப்பாகக் கழித்துக்கொள்ளும் சலுகை இருக்கிறது. ஜப்பானிலோ இது கடமை: 2024இல் தனியார் நிறுவனங்கள் நூற்றுக்கு இரண்டரை வீதம் மாற்றுத்திறனாளிகளை அமர்த்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் குறைத்து வைத்தால், குறையும் ஒவ்வோர் இடத்துக்கும் மாதம் 50,000 யென் செலுத்தவேண்டும். பணத்தைக் கட்டிவிட்டுக் கதவை மூடிக்கொள்ளும் முதலாளிகளை அம்முறை உண்டாக்கக்கூடும் என்ற ஆட்சேபம் சரியே. எனினும் சுமையில் ஒரு பங்கு தமக்குண்டு என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டாக வேண்டியிருக்கிறது. இங்கே கருணை உள்ள முதலாளி தேடிப்பிடிக்கப்பட வேண்டியவராக இருக்கிறார். கருணையை நம்பிப் பிழைப்பவன் வாய் திறந்து சம்பளம் கேட்க முடியுமா?

பயிற்சி நிலையங்கள் இல்லாமலில்லை; ஷா ஆலாமில், கூலாயில், கெடாவின் மெர்போக்கில் தொழிற்கல்விச் சிறப்புப் பள்ளிகளும், பாங்கியில் ஒரு பெரிய மறுவாழ்வு நிலையமும் உள்ளன. மெர்லிமாவுத் தாய்க்கு அவையெல்லாம் தூரதேசம். (பார்வையற்றோருக்கான செயிண்ட் நிக்கோலஸ் இல்லம் 1926இல் தொடங்கியது மலாக்காவில்தான், 1931இல் அதுவும் பினாங்குக்குப் போய்விட்டது.) ஆகவே பயிற்சி, வேலை நடக்கும் இடத்துக்கே வருவதுதான் உசிதம். ஜப்பானின் சர்வதேசக் கூட்டுறவு ஸ்தாபனமான ஜைக்காவின் துணையோடு இந்நாட்டில் வேரூன்றிய ஜாப் கோச் என்னும் வேலைத் துணையாளர் முறை இதைச் செய்கிறது. ஒரு மளிகைக் கடையில் பருப்பு நிறுத்துப் பொட்டலம் கட்டும் வேலை என்றால், பையைத் திறத்தல், தராசு முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை கொட்டுதல், வாயை மடித்தல், சீட்டு ஒட்டுதல் என்று வேலையைக் கூறாக்கி, துணையாளர் பக்கத்தில் நின்று செய்து காட்டி, பிறகு ஓரடி தள்ளி நின்று, பிறகு வாரத்துக்கொரு முறை வந்து பார்த்து, முடிவில் வராமலே இருந்துவிடுகிறார். எண் படிக்கத் தெரியாதவனும் சிவப்புக் கோட்டை அறிவான். இதற்கு வேண்டிய பொறுமையும் சம்பளமும் பள்ளி முடிந்தபின் தேடப்படுவதைவிட, கடைசி இரண்டாண்டுப் படிப்பிலேயே, ஊர்க் கடைக்காரரும் ஆசிரியரும் பெற்றோரும் கூடி ஏற்பாடு செய்யப்படுவதே நியாயம். ஏனெனில் பத்தாண்டுக்கு மேல் ஒரு பிள்ளையைப் பொதுச் செலவில் ஆயத்தம் செய்துவிட்டு, ஆயத்தத்தின் பயன் தொடங்கும் நாளில் கைவிடுதல், கொடுத்த வாக்கை மீறுவதாகும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கிடைத்த வேலையில் அவனை நிறுத்திவிட்டுக் கணக்கில் ஒன்று ஏற்றிக்கொள்ளும் அவசரமும் நல்லதன்று. இரைச்சல் தாங்காதவனை இயந்திரசாலையில் சேர்த்து, மூன்றாம் மாதம் அவன் வரமாட்டேன் என்றவுடன், "இவர்களுக்கு இவ்வளவுதான் முடியும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அதே தெருவில் மற்றப் பையன்கள் பெட்ரோல் நிலையத்தை விட்டுத் தொழிற்சாலைக்கும், தொழிற்சாலையை விட்டுச் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். அதற்குப் பெயர் முன்னேற்றம்.