எழுதியவன் அறியாத வரி

ஒருவன் எழுதியதை அவனுக்குத் தெரியாமல், நல்லெண்ணத்தோடு இன்னொருவன் திருத்தலாமா? அச்சுக்கூடம் தோன்றிய நாளிலிருந்து இந்தக் கேள்வி எழுத்தாளர்களை வருத்தி வருகிறது. கையெழுத்துப் பிரதியில், ‘அவள் மன்னிக்கவில்லை’ என்று இருக்கிறது. அச்சுக் கோப்பவர் இரக்கப்பட்டு, ‘அவள் மன்னித்தாள்’ என்று கோத்துவிடுகிறார். கதையின் உயிரே மாறிவிட்டது. மாறாமல் நிற்பது ஆசிரியரின் பெயர் ஒன்றுதான். புகழோ பழியோ, எது வந்தாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

கம்ப்யூட்டர் உலகில் இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்திருக்கிறது. 1995-ல் வெளிவந்த ஜாவா மொழியில் ஒருவர் எழுதும் நிரல், அப்படியே ஓடுவதில்லை. முதலில் அது ‘பைட்கோடு’ என்ற இடைமொழியாக மாற்றப்படுகிறது. சர்வரில் இருக்கும் ஜாவா இயந்திரம் அந்த இடைமொழியைத்தான் படித்து வேலை செய்கிறது. நிரலாளர் எழுதிய மூலம் கையெழுத்துப் பிரதி என்றால், பைட்கோடு அச்சில் கோத்த எழுத்து.

அந்த அச்செழுத்தை மாற்றவென்றே நூலகங்கள் இருக்கின்றன. ஜப்பானியப் பேராசிரியர் ஷிகெரு சிபா உருவாக்கிய ஜாவாசிஸ்ட், ஏஎஸ்எம், பைட் பட்டி ஆகியவை பெயர் பெற்றவை. மூலத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் புதிய வரிகளைச் செருகவும், பழைய வரிகளை நீக்கவும் இவற்றால் முடியும். 2004-ல் வந்த ஜாவாவின் ஐந்தாம் பதிப்பு இதற்கு ஒரு வாசலும் அமைத்துக் கொடுத்தது. ‘ஏஜெண்ட்’ என்னும் சிறு நிரலை சர்வரில் வைத்து, தொடக்கக் கட்டளையில் அதன் பெயரைச் சேர்த்தால் போதும். நாயகன் மேடை ஏறுமுன், திரைக்குப் பின்னால் வசனம் திருத்தப்பட்டுவிடும்.

இது குற்றமா? இல்லை. எந்தப் பகுதி தாமதிக்கிறது என்று அளக்கும் கருவிகள் பல இப்படித்தான் வேலை செய்கின்றன. சில சமயம் இது ஆபத்பாந்தவனாகவும் வரும். 2021 டிசம்பரில், சர்வர்களின் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் லாக்ஃபோர்ஜே என்ற நூலகத்தில் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. விஷமி அனுப்பும் ஒரு வரியைக் குறித்துவைத்தாலே போதும், அவன் நிரல் உள்ளே புகுந்து ஓடக்கூடும். எல்லா சர்வர்களையும் உடனே நிறுத்திப் புதுப்பிக்க எவரால் முடியும்? அமேசான் நிறுவனத்தார் ஓர் ஏஜெண்டை வெளியிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவுக்குள்ளேயே சென்று, ஆபத்தான பகுதியின் பைட்கோடை அது மாற்றியமைத்தது. எரியும் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்து தண்ணீர் ஊற்றியவனை யார் கோபிப்பார்கள்?

ஆனால், கதை அங்கே முடியவில்லை. அந்தத் திருத்தத்தை சர்வரெங்கும் தானாகச் செய்துவந்த சேவையிலேயே ஓட்டை இருந்ததை 2022 ஏப்ரலில் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். ‘ஜாவா’ என்று பெயர் சூட்டிக்கொண்ட எந்த நிரலையும் அது நம்பி, உயர்ந்த அதிகாரத்தோடு ஓடவிட்டது. அதே மாதத்தில் அதுவும் சரிசெய்யப்பட்டது. நல்லெண்ணம் குறைந்ததால் வந்த வினை அல்ல இது. பிறர் வீட்டுக்குள் நுழையும் சக்தி, யாருக்காகப் பெறப்பட்டாலும் ஆபத்தானது என்பதே இதன் பாடம்.

நிறுவியதோடு கடமையும் முடிவதில்லை. பைட்கோடு கோப்பு ஒவ்வொன்றும் தன் பதிப்பு எண்ணைச் சுமக்கிறது. ஜாவா 8-க்கு 52, 17-க்கு 61, 21-க்கு 65. ஜாவாவைப் புதுப்பித்துவிட்டு நூலகத்தைப் பழையதாகவே விட்டுவைத்தால், புதிய எண்ணைக் கண்டதும் அது கைவிரித்துவிடும். திருத்தியவன் போய்விட்டாலும், அவன் செருகிய வரியைப் பராமரிக்க யாராவது இருந்தே தீரவேண்டும்.

அப்படி ஒருவர் இருப்பதே எழுதியவனுக்குத் தெரியாவிட்டால்? ஒருநாள் சர்வர் தவறான விடை தருகிறது. எழுதியவன் தன் வரிகளை நூறு முறை படிக்கிறான். குற்றம் அங்கே இல்லை. ஆகவே அகப்படவும் இல்லை. முதலில் மற்றவர்கள் அவனைச் சந்தேகிக்கிறார்கள். பிறகு அவனே தன்னைச் சந்தேகிக்கத் தொடங்குகிறான். ஒரு மனிதனுக்குத் தன் கைவேலையின் மீதுள்ள நம்பிக்கையைத் திருடுவது சிறிய பாவமா?

‘நோயாளி மயங்கிக் கிடக்கும்போது அவன் சம்மதத்தையா கேட்டுக்கொண்டிருப்பது?’ என்று வாதிடுவோர் உண்டு. வேண்டாம்தான். ஆனால், சம்மதம் கேட்காமல் ஊசி போடும் வைத்தியரும், போட்ட மருந்தைப் படுக்கையருகில் உள்ள அட்டவணையில் எழுதிவைக்கிறார். அவசரம் அனுமதியைத் தள்ளுபடி செய்யலாம். குறித்துவைக்கும் கடமையைத் தள்ளுபடி செய்யாது.

2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21 இந்த நியாயத்தை ஏறக்குறையச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் ஓர் ஏஜெண்ட் இடையில் நுழைந்தால், அது எச்சரிக்கை விடுக்கிறது. தொடக்கக் கட்டளையிலேயே பெயர் சொல்லிக்கொண்டு வருவதற்கு அந்த எச்சரிக்கை கிடையாது. ‘திருத்தாதே’ என்று அது சொல்லவில்லை. ‘வீட்டுக்காரர் அறிய வாசல் வழியாக வா’ என்றுதான் சொல்கிறது.

பிறர் எழுத்தைத் திருத்தும் உரிமை சில வேளைகளில் நமக்குக் கிடைக்கலாம். திருத்தியதை மறைக்கும் உரிமை மட்டும் எவருக்கும், எந்த வேளையிலும் கிடையாது.