உடைமையும் ஆளுகையும்: பெண்நிலைக் கல்வி குறித்து ஒரு சிந்தனை

பெண்நிலை, பால்நிலை, பாலியல்பு ஆகியன பல்கலைக்கழகத்திலே கற்கத் தக்கனவா? இவை மேனாட்டுச் சரக்குகள், எமது பண்பாட்டுக்கு ஒவ்வாதன என்பாருளர். இக்கூற்றைச் சோதிக்க மேனாடு செல்ல வேண்டியதில்லை, தேசவழமையே போதுமானது.

ஒல்லாந்தர் காலத்திலே, 1707 இல், சட்டமாக்கப்பெற்ற தேசவழமை, மகளுக்குச் சீதனமாகச் சொத்தளிக்கும் வழக்கத்தை எழுத்திற் பதித்தது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் மனைவியின் தனிச்சொத்தை ஏற்றுக்கொண்டது. ஆயின், அவள் தன் காணியைக் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்க இயலாதெனவும் விதித்தது. சம்மதம் மறுக்கப்படின் நீதிமன்றத்தையே அவள் நாட வேண்டும். கணவனுக்கோ தன் காணியை விற்க மனைவியின் சம்மதம் வேண்டப்படவில்லை. உடைமை வேறு, ஆளுகை வேறு என்பது இதனாற் பெறப்படும். இவ்வேறுபாட்டை ஆராய்வது அந்நியக் கல்வியாதல் எங்ஙனம்?

கல்விக்கும் இவ்வினா பொருந்தும். 1824 இல் உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தோன்றியது. 1974 இல் யாழ்ப்பாணத்திலே பல்கலைக்கழக வளாகம் அமைந்தது. பெண் கற்றாள், ஆயினும் அவள் பெற்ற பட்டம் திருமணப் பேச்சிலே சீதனத்தோடு சேர்த்து எண்ணப்படுமாயின், அதுவும் அவள் பெயரிலுள்ள, அவள் ஆளாத மற்றொரு காணியன்றோ?

எனினும், ஆராய்ச்சி தன்னளவிலேயே அறமாகிவிடாது. துயருற்ற பெண்ணிடம் வினாக்கொத்தை நீட்டி, அவள் கண்ணீரைத் தரவாக்கிப் பட்டம் பெறுபவரும் அவள் உடைமையைத் தாமே ஆள்கின்றனர். இவ்விடத்து உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம நினைவுக்கு வருகிறார். 1987 ஆம் ஆண்டுப் போரிலே பெண்கள் பட்டவற்றை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு, ‘முறிந்த பனை’ நூலுக்காக எழுதியவர் அவர். 1989 செப்டெம்பர் 21 ஆம் நாள், பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்புகையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அறிதலுக்கு அவர் செலுத்திய விலை உயிராகும்.

எம்மிடம் அத்துணைப் பெருவிலை வேண்டப்படவில்லை. ஆய்வுக்குட்பட்ட பெண் எமது முடிபை மறுத்துரைக்கவும், தன் சொல்லை மீளப் பெறவும் உரிமையுடையவளா என வினவுதல் வேண்டும். ஆண் மாணவர் தம் சகோதரியின் சீதனத்தையும், தமக்கெனக் கேட்கப்படும் சீதனத்தையும் ஒரே அளவுகோலால் அளத்தல் வேண்டும். வகுப்பறையிலே ஒப்புக்கொண்டதை வீட்டிலே மறுப்போமாயின், நாம் கற்றது பாடமேயன்றி அறிவாகாது.