டர்னரின் பூஜ்ஜியம்

ஆரக்கிள் டேட்டாபேஸ் படித்த தலைமுறைக்கு ஸ்காட்டின் ஊழியர் பட்டியல்தான் அரிச்சுவடி. நிறுவனத்தின் தொடக்க கால ஊழியர் புரூஸ் ஸ்காட்டின் பெயரில் திறக்கும் கணக்கு அது. கடவுச்சொல் டைகர், ஒரு பூனையின் பெயர். உள்ளே 14 ஊழியர்கள்: குமாஸ்தாக்கள், மேலாளர்கள், விற்பனையாளர்கள், எல்லோருக்கும் மேலே கிங் என்ற தலைவர். அதில் கமிஷன் என்றொரு கட்டம் உண்டு. ஆலனுக்கு 300, வார்டுக்கு 500, மார்ட்டினுக்கு 1400, டர்னருக்கு 0. மீதி 10 பேருக்கு அந்தக் கட்டத்தில் எதுவுமே எழுதப்படவில்லை.

டர்னருடைய 0 வேறு, அந்தப் 10 வெற்றுக் கட்டங்கள் வேறு. டர்னர் விற்பனையாளர். அவருக்குக் கணக்குப் பார்த்தார்கள், ஒன்றும் தேறவில்லை. மற்றவர்களுக்கு யாரும் கணக்கே பார்க்கவில்லை. அந்த வெறுமைக்கு டேட்டாபேஸ்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நல்’. அது எண் அல்ல, எழுத்தும் அல்ல. ஒரு ‘நல்’லும் இன்னொரு ‘நல்’லும் சமமா என்று கேட்டால் ‘ஆம்’ என்றும் வராது, ‘இல்லை’ என்றும் வராது.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியில் சிங்கிள் ரோ ஃபங்ஷன்கள் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. பெயரைப் பெரிய எழுத்தாக்கும் அப்பர், எழுத்துகளை எண்ணும் லெங்த், தசமத்தைச் சீராக்கும் ரவுண்ட், இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை மாதம் என்று சொல்லும் மன்த்ஸ் பிட்வீன் எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஒரு வரிசையை எடுக்கும், ஒரு விடை தரும், அடுத்த வரிசைக்குப் போகும். 14 வரிசை உள்ளே போனால் 14 விடை வெளியே வரும். பக்கத்து வரிசையை எட்டிக்கூடப் பார்க்காது. சராசரியும் கூட்டுத்தொகையும் வேறு இனம்; அவை கூட்டத்தை மொத்தமாகப் பார்ப்பவை.

இனி சம்பளத்தோடு கமிஷனைக் கூட்டி மொத்த வருமானம் கேட்டுப் பார்க்கலாம். ஆலனுக்கு 1600-உம் 300-உம் சேர்ந்து 1900. கிங்குக்குச் சம்பளம் 5000, கமிஷன் ‘நல்’, விடையும் ‘நல்’. நிறுவனத்திலேயே அதிகம் வாங்குபவரின் வருமானம் மாயமாகிவிடுகிறது! தெரியாததோடு எதைக் கூட்டினாலும் தெரியாததுதான் வரும் என்பது தர்க்கப்படி சரி. சம்பளப் பட்டியல் போடுகிறவர் அதை ஏற்பாரா?

அவருக்காகவே என்விஎல் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. கட்டத்தில் மதிப்பு இருந்தால் அப்படியே தரும். ‘நல்’ இருந்தால் நாம் சொல்லிவைத்த மாற்றைத் தரும். பெரும்பாலும் சொல்லிவைப்பது 0. கிங்கின் 5000 திரும்பிவிடும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் கமிஷனின் சராசரியைக் கேட்டால் விவகாரம் தெரியவரும். சும்மா கேட்டால் ‘நல்’களை ஒதுக்கிவிட்டு 2200-ஐ 4 பேருக்கு வகுத்து 550 என்கிறது. என்விஎல் வழியாகக் கேட்டால் அதே 2200-ஐ 14-ஆல் வகுத்து 157.14 என்கிறது. டர்னரின் 0-ஐ யாரோ சோம்பேறித்தனமாக வெற்றாக விட்டிருந்தால் முதல் விடை 733.33 ஆகியிருக்கும். இயந்திரம் எந்த இடத்திலும் கணக்குத் தவறவில்லை. ‘இல்லை’ என்று யார் சொன்னார், எதைக் கொண்டு சொன்னார் என்பதில்தான் விடைகள் பிரிகின்றன.

இந்தக் கேள்வியை இந்தியத் தத்துவக்காரர்கள் பல நூற்றாண்டுகள் அலசியிருக்கிறார்கள். அவர்களுடைய நிரந்தர உதாரணம்: தரையில் குடம் இல்லை. இன்மையும் ஒரு பதார்த்தம்தான், அதாவது ஒரு பொருள்வகைதான், பட்டியலில் ஏழாவது, அதைக் கண்ணாலேயே அறியலாம் என்றார்கள் நியாய வைசேஷிகர்கள். மீமாம்சகரான குமாரில பட்டர் ஒப்பவில்லை. கண்ணுக்குத் தெரிவது தரை மட்டுமே. குடத்தின் இன்மையை அறிய அனுபலப்தி, அதாவது காணாமை, என்ற தனி அளவை (அறியும் வழி) வேண்டும் என்றார். அதே மீமாம்சையில் பிரபாகரர் எதிர்க்கட்சி: வெறுந்தரையைப் பார்த்தாயிற்று, அதற்கு மேல் இன்மை என்று தனியாக ஒரு சரக்கு கிடையாது. தமிழுக்கும் இந்த வழக்கு பழக்கமானது. மணிமேகலையில் அளவைவாதி அடுக்கும் பிரமாணங்களில் அபாவம், அதாவது இன்மை, உண்டு. சிவஞான சித்தியாரின் அளவை வரிசையிலும் உண்டு.

இந்தச் சர்ச்சையில் டேட்டாபேஸ்காரருக்கு உடனே உதவக்கூடியது ஒரு நிபந்தனை. தர்மராஜ அத்வரீந்திரரின் ‘வேதாந்த பரிபாஷை’ அதைத் தெளிவாக வைக்கிறது: காணாமை அறிவாக வேண்டுமானால், அந்தப் பொருள் அங்கே இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும். நல்ல வெளிச்சமுள்ள தரையில் குடத்தைக் காணோம் என்றால் குடம் இல்லை. இருட்டில் காணோம் என்றால் அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. தர்மமும் அதர்மமும் எந்த வெளிச்சத்திலும் கண்ணுக்குத் தெரியாதவை. ஆகவே காணவில்லை என்பதைக் கொண்டு அவை இல்லை என்று தீர்ப்புச் சொல்லவும் கூடாது.

மழைமானியின் பதிவேட்டில் 0 மில்லிமீட்டர் என்றிருந்தால் ஒருவர் போய்ப் பார்த்திருக்கிறார் என்று பொருள். வெற்றுக் கட்டம் என்றால் மழை இல்லாமல் இருந்திருக்கலாம், மானி பழுதாகி இருந்திருக்கலாம், பார்ப்பவர் விடுப்பில் போயிருக்கலாம். அந்த இடத்தில் என்விஎல் போட்டு 0 எழுதுபவர், அன்று வெளிச்சம் இருந்தது என்று சாட்சி சொல்கிறார். வெளிச்சம் இருந்ததா என்ற தகவல் அந்த வரிசைக்குள் பெரும்பாலும் இருக்காது. ஃபங்ஷனோ கொடுத்ததைத் தவிர வேறெதையும் பார்க்காது. ஆகவே அந்த 0-க்கு முழுப் பொறுப்பும் வினவலை எழுதியவர் தலையில்தான் விழுகிறது. கையேடுகள் இதை ‘வசதி’ என்று ஒரு வரியில் கடந்துவிடுவது கொஞ்சம் அநியாயம்.

இத்தகைய டேட்டாபேஸ்களுக்கு அடிப்படையான ரிலேஷனல் மாடலைத் தந்தவர் ஐபிஎம்மின் எட்கர் காட். அவருடைய கட்டுரை வந்த ஆண்டு 1970. வெற்றிடம் ஒரே வகையல்ல என்பதைப் பின்னாளில் அவரே வலியுறுத்தினார். 1990-இல் வந்த நூலில் இரண்டு குறிகளைப் பிரித்துக் காட்டினார்: மதிப்பு உண்டு, நமக்குத் தெரியவில்லை என்பது ஒன்று, இந்த ஆளுக்கு இந்தக் கட்டமே பொருந்தாது என்பது இன்னொன்று. அவரோடு நெருங்கிப் பணியாற்றிய கிறிஸ் டேட், ‘நல்’லே வேண்டாம் என்று எதிர்த்து நின்றார். எஸ்க்யூஎல் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. இன்றுவரை ஒரே ‘நல்’தான், எல்லா வெறுமைக்கும்.

கிங்கின் வரிசையிலேயே இரண்டு ‘நல்’ இருப்பது வேடிக்கை. கமிஷன் ஒன்று, மேலதிகாரி யார் என்ற கட்டம் இன்னொன்று. நிறுவனத்தின் அதிகாரப் படிநிலையை வரையச் சொன்னால், மேலதிகாரி ‘நல்’லாக இருப்பவரிடம் தொடங்கு என்றே வினவல் எழுதுகிறார்கள். காரணங்களின் சங்கிலி எங்கே தொடங்குகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்ட இறையியலாளர்கள் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார்கள். அங்கே என்விஎல் போட்டு யாரையாவது மேலதிகாரியாக நிரப்பினால் மரமே வேரில்லாமல் போகும்.

பொருந்தாத கட்டத்தின் அவஸ்தை தமிழர் பலருக்கு அன்றாடம். அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், தன் பெயர் பின்னால். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விட, முதற்பெயர்க் கட்டத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகிறது. முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். தெரியாமல் என்ன, இல்லவே இல்லை! ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் கொண்டவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்றே அறிவித்தது.

எழுத்துகளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. வெறும் ஸ்பேஸ் மூன்று கொண்ட கட்டத்தை, ஓரத்து ஸ்பேஸ்களை வெட்டும் ட்ரிம் செய்து, மிஞ்சியதன் நீளத்தை லெங்த்திடம் கேட்டால் இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் 0 என்கிறது, ஆரக்கிள் ‘நல்’ என்கிறது. குமாரிலர் போஸ்ட்கிரெஸ் பக்கம் நிற்பார். பிரபாகரருக்கு ஆரக்கிள் ஒத்துப்போகும். எழுத்தே இல்லாத தொடரை ‘நல்’லாகக் கொள்ளும் ஆரக்கிளின் வழக்கம் இனி வரும் பதிப்புகளில் தொடராமல் போகலாம் என்று ஆரக்கிளின் கையேடு பதிப்புக்குப் பதிப்பு எச்சரித்துவருகிறது, வழக்கம் மாறியபாடில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தரவை மாற்றுபவர்கள்தான், முகவரியின் இரண்டாம் வரி காலியாக இருந்தால் அது எழுத விட்டுப்போன வரியா, எழுத ஒன்றுமில்லாத வரியா என்று கட்டம் கட்டமாக உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள்.