நா சுழல்கிறது, அறிவு உறங்குகிறது!

பொருள் உணராது, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதை ஆங்கிலத்தில் 'ரோட்' என்பர். நாம் நெட்டுரு என்கிறோம்.

அச்சொல் பிறந்தது எங்கே? சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா' எனும் இலத்தீன் சொல்லிலிருந்து என்பர் சிலர். வழியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து என்பர் வேறு சிலர். செக்குமாடு போல் சுற்றுவதுதானே நெட்டுரு, சக்கரமே பொருத்தம் என்று நமக்கும் தோன்றும். ஆனால், பொருத்தம் வேறு, சான்று வேறு! மூலம் உறுதிப்படவில்லை என்பதே அகராதி அறிஞர் முடிவு. அழகாக இருக்கிறதே என்று சக்கரக் கதையை ஒப்புவிப்பவர், நெட்டுருவின் வரலாற்றையே நெட்டுருப் போடுகிறார்!

உறுதியாகத் தெரிவது ஒன்று. ஏறத்தாழ 1300ஆம் ஆண்டில் அச்சொல்லுக்கு வழக்கம் என்பது பொருள். மனப்பாடம் எனும் பொருளும் அதனுடன் வளர்ந்தது. வழக்கமும் நெட்டுருவும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்ததில் வியப்பென்ன? 'ஏன்?' என்று கேட்டால் இரண்டுமே திகைக்கும்!

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய 'காண்டர்பரிக் கதைகள்' நூலில் 7 வயதுச் சிறுவன் ஒருவன் இலத்தீன் பாடலொன்றின் தொடக்கத்தை நெட்டுருவாகக் கற்கிறான். பொருள் விளங்கவில்லை, மூத்த மாணவனிடம் மண்டியிட்டுக் கேட்கிறான். அவனோ, கேள்விப்பட்டதைக் கூறிவிட்டு, தான் பாட்டுத்தான் பயில்வதாகவும் இலக்கணம் சிறிதே அறிந்ததாகவும் சொல்லி முடிக்கிறான். கேட்டவன் சிறுவன், கேளாமலே வளர்ந்தவன் மூத்தவன்!

கதை போகட்டும், அரசே நெட்டுருவுக்குக் கூலி கொடுத்ததும் உண்டு. 1862இல் இங்கிலாந்தில், படிப்பு, எழுத்து, கணக்குத் தேர்வுகளில் மாணவர் பெறும் வெற்றியைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம் எனும் விதி வந்தது. ஒரு மாணவன் ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் இழப்பு. விளைவு? உண்மையில் படிக்கத் தெரியாத பிள்ளையையும் பயிற்சியால் தேற வைத்துவிடலாம் என்று பள்ளி ஆய்வாளரும் கவிஞருமான மாத்யூ ஆர்னால்டு கண்டித்தார். தேறியது நாக்கு, தேறாதது அறிவு!

அப்படியாயின் மனப்பாடமே குற்றமா? அல்ல. வாய்ப்பாடின்றிக் கணக்கில்லை. நினைவு நெற்குதிர், நெல்லை அது காக்கும், விளைவிக்காது. உழவேண்டியது சிந்தனை!

தோழர்களே! இது பிறரை எள்ளி நகையாட மட்டும் ஏற்பட்ட உண்மையன்று. பகுத்தறிவு, பகுத்தறிவு என நூறு முறை முழங்கிவிட்டு, 'ஏன்?' என ஒரு முறையும் கேளாதவனிடம் மாறியது மந்திரமே, மனம் அன்று. நாம் மேடையில் மொழியும் கருத்தை ஒருவர் மறுக்கும்போது, சினம் வருகிறதா, சான்று வருகிறதா? சான்று வந்தால் அது கொள்கை. சினம் மட்டுமே வந்தால் அது நெட்டுரு!