ஏறி இறங்கிய மதிப்பெண்கள்

ராமநாதபுரத்துக்கு அரசு சட்டக் கல்லூரி வந்தது 2017-இல். அதற்கு முன்பு இந்தக் கரைப் பிள்ளைகள் வக்கீலுக்குப் படிக்க மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டும். கல்லூரி வந்ததும் தூரம் குறைந்தது. தயக்கம் குறையவில்லை. சேர்க்கைக் காலம் வந்தால் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "டிகிரி மார்க்கு ஒரு சீரா இல்லண்ணே. அப்ளிகேஷன் போடலாமா?"

போடலாம். மூன்றாண்டு சட்டப் படிப்புக்குத் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு கிடையாது. ஏதாவது ஒரு பட்டம், அதில் 45 விழுக்காடு; பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 40. வயது வரம்பும் இல்லை. இவ்வளவையும் சொன்ன பிறகும் அந்தப் பிள்ளையின் முகம் தெளிவதில்லை. அவனுக்குத் தெரிய வேண்டியது விதி இல்லையே. அரியர் வைத்துத் தேறிய ஒருவன் கறுப்புக் கோட்டுப் போட ஆசைப்படலாமா என்பதுதான் அவனை அரித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு தம்பியின் மதிப்பெண் பட்டியல் மறக்க முடியாதது. முதல் இரண்டு பருவத்திலும் அறுபதுக்கு மேல். மூன்றிலும் நான்கிலும் சரிவு, மூன்று அரியர். கடைசி இரண்டில் எழுபதைத் தொட்டிருந்தான். நடுவில் என்ன ஆனது என்று கேட்டேன். அப்பா போன விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. அவர் யாழ்ப்பாணச் சிறையில் இருந்த மாதங்களில் மூத்தவன் இவன்தான் சித்தப்பாவோடு கடலுக்குப் போயிருக்கிறான். ராமேசுவரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள் கடல், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. அந்த மூன்று நாளும் வகுப்பில் அவன் பெயருக்கு நேரே ஆப்சென்ட். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்தக் கோடைத் தேர்வுக்கு மட்டும் தவறாமல் போக முடிந்தது என்றான்.

சட்டக் கல்லூரிச் சேர்க்கையின் தரவரிசைப் பட்டியலுக்கு இது எதுவும் தெரியாது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு மதிப்பெண் சறுக்கியவர்கள் அதற்கான காரணத்தை ஒரு தனித்தாளில் எழுதி விண்ணப்பத்தோடு இணைக்கலாம். இங்கும் அப்படி ஒரு தாள் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நெடுநாள் ஏங்கியிருக்கிறேன். இப்போது வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்தத் தாளை யார் நன்றாக எழுதுவார்கள்? எழுதித்தர வீட்டில் ஆள் உள்ளவர்கள். அப்பன் சிறையில் கிடந்ததை ஒரு இடத்துக்காக உருக்கமாக எழுதிக் காட்டு என்று ஒரு பிள்ளையிடம் கேட்பதும் எனக்குச் சம்மதமில்லை. வெறும் எண்ணுக்குக் கண் கிடையாது. ஆனால் அது யார் வீட்டுக் கதையையும் கேட்பதில்லை. ஒன்று மட்டும் செய்யலாம். இருவர் ஒரே மதிப்பெண்ணில் நின்றால், கடைசி ஆண்டில் ஏறி வந்தவனுக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

எல்லாச் சரிவுக்கும் கடல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பாடம் பிடிக்காமல், கைபேசியில் மூழ்கி, சகவாசம் சரியில்லாமல் சறுக்கியவர்களும் உண்டு. அவர்களையும் நான் தள்ளுவதில்லை. பத்தொன்பது வயதில் அலைந்தவன் இருபத்தொன்றில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கியிருந்தால், அவனிடம் நான் பார்ப்பது பிந்தியதைத்தான்.

தயங்கும் பிள்ளைகளுக்கு நான் ஒரு வழக்கைச் சொல்வேன். இந்தியாவில் இந்துச் சட்டம் படிக்கிற மாணவர்கள் சந்திக்கும் பழைய வழக்குகளில் ஒன்று நம் ஊர் வழக்கு. மதுரை கலெக்டருக்கும் முத்துராமலிங்க சேதுபதிக்கும் நடந்தது. ராமநாதபுரம் ஜமீன்தார் இறந்த பின் அவர் மனைவி ராணி பர்வதவர்த்தனி இந்த முத்துராமலிங்கத்தைத் தத்தெடுத்தார். கணவர் அனுமதி கொடுத்துவிட்டுப் போகவில்லை, ஆகவே தத்து செல்லாது என்றது அரசுத் தரப்பு. பங்காளிகள் சம்மதம் இருக்கிறதே என்றது அரண்மனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868-இல் தத்து செல்லும் என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு நிலைநாட்டிய கருத்து இன்றும் பாடம்: தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம், ஏட்டில் எழுதிய விதியைவிடக் கனமானது. மக்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள் என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்பதை இந்த மண்ணின் வழக்கு உலகுக்குச் சொல்லியிருக்கிறது. அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த பிள்ளை மதிப்பெண்ணுக்குப் பயந்து சட்டக் கல்லூரி வாசலில் தயங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் கரையில் சட்டம் தொடாத வீடு எது? மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு எந்தத் தண்ணீர் தங்களுடையது என்பதே தகராறு. கடல் அட்டை 2001 முதல் பிடிக்கத் தடைசெய்யப்பட்ட உயிர். வலையில் அதுவாக வந்து விழுந்தாலும் பதில் சொல்ல வேண்டும். எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட படகுக்கு அதன் உரிமையாளர் காகிதத்தோடு கடல் கடந்து ஊர்காவற்றுறையிலோ மன்னாரிலோ நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டும். இவ்வளவுக்கும் வக்கீல் தேடி வெளியூருக்கு அலைகிறார்கள். வலையின் பெயரும் காற்றின் பெயரும் தெரிந்த வக்கீலிடம் ஒரு மீனவன் பாதி சொன்னால் போதும்.

படிப்பு எளிதாக இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒப்பந்தச் சட்டத்தின் ஆங்கிலம் முதல் ஆண்டில் திணறடிக்கும். ஆனால் கீழமை நீதிமன்றங்களில் தமிழிலேயே வழக்காடலாம். படிப்பு முடிந்து வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணத்தையும் உச்ச நீதிமன்றம் 2024-இல் சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு இறக்கிவிட்டது.

ஆகவே தம்பி, தங்கச்சி, அரியர் பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள். பட்டியல்களை மறைக்காமல் ஒழுங்காக அடுக்கி வையுங்கள். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் போடுங்கள். இந்த ஆண்டு கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் போடுங்கள்.