நலம், நலமறிய அவா

கடிதம் எழுதும் வழக்கம் நம்மிடையே உயிர்ப்புடன் இருந்த நாள்களில், ஏறக்குறைய எல்லாக் கடிதங்களுக்கும் முதல் வரி ஒன்றே. இவ்விடம் அனைவரும் நலம். அவ்விடம் நலமறிய அவா. எழுதுகின்றவர் காய்ச்சலில் படுத்திருப்பார். காலையில்தான் கடன்காரர் வந்து போயிருப்பார். ஆயினும் முதல் வரி மாறாது. அதைப் பொய் என்று எவரும் கொள்ளவில்லை. வாசலில் நின்று சொல்லும் வணக்கம் அது. உண்மை இரண்டாம் பத்தியில் தொடங்கும். இன்று கடிதம் மறைந்துவிட்டது. கடல் கடந்து வாழ்வோரும் வீட்டில் இருப்போரும் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுகின்றனர். ஆனால் அந்த இரண்டாம் பத்தி என்னவாயிற்று?

குமரி மாவட்டத்தார்க்கு இவ்வினா அயலானதன்று. 1970-களில் எண்ணெய் வளம் வளைகுடா நாடுகளில் வேலைகளைப் பெருக்கியது முதல், கொத்தனாராகவும் ஓட்டுநராகவும் செவிலியராகவும் மீன்பிடித் தொழிலாளராகவும் இங்கிருந்து சென்றோர் பலர். முதலில் விமான அஞ்சல் இருந்தது. பின்னர், குரலைக் கேசட்டில் பதிவு செய்து ஊருக்கு வருவோர் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் வந்தது. அதற்கும் பின்னர் தெருமுனைகளில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. கூண்டுகள் எழுந்தன, ஓடும் சிவப்பு எண்களில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு மக்கள் பேசினர். 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையை நம் நாட்டில் தொடங்கிற்று. இன்று வாட்ஸ்அப் அழைப்பில் தந்தை குழந்தையின் முதல் நடையைப் பாலைவனத்திலிருந்து பார்க்கிறார். ஒவ்வொரு படியிலும் தொலைவு குறைந்தது. உண்மையும் அதே அளவுக்கு நெருங்கி வந்ததா என்பதே கேள்வி.

நம் மண்ணில் கால் பதித்த ஒருவரை இங்கே நினைவுகூர்வது தகும். புனித சவேரியார் 1544-ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். அவருடைய கடிதங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் கப்பல்களில் ஐரோப்பா சென்றன. ஒரு மடலுக்கு மறுமொழி பெற ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1546 மே மாதம் மலுக்குத் தீவுகளின் அம்போனிலிருந்து உரோமையில் இருந்த தோழர்களுக்கு எழுதியபோது, அவர் ஒரு செய்தியைக் குறிப்பிட்டார். அவர்கள் தம் கைப்பட எழுதியிருந்த பெயர்களைக் கடிதங்களிலிருந்து கத்தரித்தெடுத்து, தம் வார்த்தைப்பாட்டு ஏட்டுடன் சேர்த்து மார்பில் அணிந்திருக்கிறார் என்பதே அச்செய்தி. 1553 ஜூன் 28 அன்று புனித இஞ்ஞாசியார் அவரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி மடல் எழுதினார். அப்போது சவேரியார் சீனக் கரையோரச் சான்சியன் தீவில் உயிர் நீத்து ஏழு மாதங்கள் ஆகப்போகின்றன. இறந்தவர்க்கு எழுதுகிறோம் என்பதை எழுதியவர் அறிந்திருக்கவில்லை.

இவ்வளவு மெலிந்த தொடர்பு. ஆயினும் எவ்வளவு உறுதியான உறவு! அவர் எழுதியவை நலம் கூறும் மடல்கள் மட்டுமல்ல. திருமுழுக்குக் கொடுத்துக் கை ஓய்ந்துபோவதை எழுதினார். போர்த்துகல் மன்னர் மூன்றாம் யோவானுக்கு எழுதியபோது, மன்னரின் அலுவலர்கள் காட்டிய பேராசையை மறைக்கவில்லை. அரிதாக எழுதப்பட்டமையால் அம்மடல்களில் பொருளற்றவற்றுக்கு இடம் இருக்கவில்லை.

இதைக் கொண்டு தொடர்பின்மையைப் போற்றிப் பாடுதல் பெரும் பிழையாகும். 2017-ஆம் ஆண்டை நம் கடற்கரை மறக்கவில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழா நாள்களிலேயே, நவம்பர் 30 அன்று, ஒக்கிப் புயல் குமரி முனையருகே கடந்து சென்றது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் ஆழ்கடல் படகுகள் அதற்கு முன்னரே தொலைவில் இருந்தன. கைப்பேசி அலை கரையை விட்டுச் சிறிது தொலைவிலேயே அறுந்துபோகும். படகிலுள்ள வி.எச்.எஃப். கருவியின் எட்டும் தொலைவும் சில பத்துக் கடல்மைல்களே. சாட்டிலைட் தொலைபேசிக்கோ பாதுகாப்புக் காரணங்களால் கடுங்கட்டுப்பாடு. ஆகவே புயல் எச்சரிக்கை அறிவிக்கப்பட்டும், அதைக் கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கவில்லை. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை இருப்புப்பாதையில் அமர்ந்தது, கடலில் உள்ளவரைத் தேடச் சொல்லித்தான். அதன்பின் விண்வெளி ஆய்வு நிறுவனம் ஒருவழிச் செய்திக் கருவியை உருவாக்கியது. 2024 ஆகஸ்டில், ஒரு லட்சம் படகுகளில் இருவழிச் செய்திக் கருவி பொருத்தும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆபத்தில் ஒருவன் எட்டப்படுதல் அவனுக்குச் செய்யும் சலுகையன்று, அவனுக்குரிய நீதி.

இதற்கு மறுபக்கச் சான்றும் உண்டு. 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது, ஈரானில் மீன்பிடித்துவந்த தமிழக மீனவர்கள் ஊர் திரும்ப வழியின்றித் தவித்தனர். உதவி கோரி அவர்கள் அனுப்பிய கைப்பேசிக் காணொளிகள் குடும்பங்களையும் செய்தித்தாள்களையும் எட்டின. ஜூலை 1 அன்று கடற்படைக் கப்பல் ஜலஷ்வா, பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 இந்தியரைத் தூத்துக்குடிக்குக் கொண்டு சேர்த்தது. அக்காணொளிகளில் அவர்கள் நலம் என்று சொல்லவில்லை. உண்ணவும் உறங்கவும் படும் இடரை உள்ளபடி சொன்னார்கள். கருவி பயன்பட்டது, அதைப் பயன்பட வைத்தது அவர்கள் பேசிய உண்மை.

ஆனால் அன்றாட அழைப்புகளில் நடப்பது வேறு. ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மகனுக்கு மூன்று மாதமாகக் கூலி வரவில்லை. தங்குமறையில் பலர் நெருக்கிப் படுத்திருக்கின்றனர். அழைப்பு நேரம் வந்ததும் அவன் முகம் கழுவி, நல்ல சட்டை அணிந்து, வெள்ளைச் சுவர் மட்டும் தெரியும்படி அமர்கிறான். இங்கே தாய் வழுக்கி விழுந்து இடுப்பு நொந்து கிடக்கிறாள். மருமகள் கைப்பேசியைத் தாயின் முகத்தருகே மட்டும் பிடிக்கிறாள். நலமா? நலம். சாப்பிட்டாயா? சாப்பிட்டேன். இருபுறமும் அன்பு, இருபுறமும் மறைப்பு. கடிதக் காலத்தில் ஒரு துன்பத்தை மறைக்க மாதம் ஒருமுறை அதை எழுதாது விட்டால் போதும். இன்றோ அதை ஒவ்வொரு மாலையும், சிரித்த முகத்துடன் மறைத்தாக வேண்டும். தொடர்பு பெருகப் பெருக, மறைப்பவனின் சுமையும் பெருகுகிறது.

அன்பின் பொருட்டு உண்மையை மறைத்தல் தகுமா? பழமையான வினா இது. பொய்யை எதிர்த்து எழுதிய நூலில் புனித அகுஸ்தினார் ஏறக்குறைய நம் நிலையையே எடுத்துக்கொள்கிறார். நோயுற்று உயிருக்குப் போராடும் ஒருவர், இறந்துபோன தம் ஒரே மகன் நலமா என்று கேட்கிறார். உண்மை சொன்னால் அவர் உயிர் தாங்காது. அகுஸ்தினாரின் நெஞ்சு நெகிழ்கிறது. ஆயினும் பொய்க்கு அவர் இசைவதில்லை. நம் வள்ளுவரோ வாய்மை அதிகாரத்தில், குறையற்ற நன்மை விளையுமிடத்துப் பொய்ம்மைக்கும் இடம் தருகிறார். இருவருக்கும் இடையே புனித தோமா அக்குவினார் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார்: பொய் சொல்லுதல் கூடாது, எனினும் உண்மையை விவேகத்துடன் வெளிப்படுத்தாதிருத்தல் கூடும். 1992-இல் வெளியிடப்பட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூலும், அறியும் உரிமை இல்லாதவர்க்கு உண்மையை வெளிப்படுத்த எவரும் கடமைப்பட்டவரல்லர் என்கிறது.

இவற்றை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். மகன் தன் வேலைத்தலத்து அவமானங்களை எல்லாம் சிறு பிள்ளைகளிடம் விரித்துரைக்க வேண்டியதில்லை, அது விவேகம். ஆனால் மனைவி? மூன்று மாதக் கூலி நின்றதை அறியும் உரிமை அவளுக்கு இல்லையென்றால் வேறு எவருக்கு உண்டு? திருமண ஒப்பந்தத்தில் அவர்கள் இன்பத்தை மட்டும் பங்கிடுவதாக வாக்களிக்கவில்லையே. வள்ளுவரின் அளவுகோலைக்கூடக் கையில் எடுப்போம். மறைத்ததால் விளைந்தது குறையற்ற நன்மையா? கூலி வருகிறது என்று நம்பி அவள் வீட்டுக்கு இரண்டாம் மாடி எழுப்புகிறாள், வட்டி ஏறுகிறது. அவன் அங்கே கடன் வாங்கி இங்கே அனுப்புகிறான். அயலக இந்தியரின் முறையீடுகளுக்காக 2015-இல் அரசு தொடங்கிய ‘மதத்’ தளத்தில் அவனுக்காக வீட்டார் முறையிடலாம், பங்குத்தந்தையிடம் சொல்லலாம், தூதரகத்துக்கு எழுதலாம். ஆனால் அறியாத துன்பத்துக்கு யார் முறையிடுவது?

பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஆசியாவில் தமக்கு நேர்ந்த இன்னலையும், உயிர் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதையும் அவர்கள் அறியாதிருக்கக் கூடாது என்கிறார். காரணமும் தருகிறார்: அவர்கள் தமக்காக மன்றாடித் துணைநிற்க வேண்டும். நாள்தோறும் மாலையில் செபமாலை சொல்லி, வெளிநாட்டில் உள்ளவருக்காக ஒரு பரலோக மந்திரம் கூட்டிச் சொல்லும் வீடுகள் நம்மிடையே உண்டு. மறைக்கப்பட்ட நோவு எதுவென்று அறியாமலே அவ்வீடுகள் மன்றாடுகின்றன. தன் துன்பத்தைச் சொல்ல மறுப்பவன், தன்னைத் தாங்கக்கூடிய கைகளிலிருந்து தன்னையே விலக்கிக்கொள்கிறான்.

ஆயின் குற்றம் சொல்லாதவனிடம் மட்டுமா? இங்கே நாம் நம்மை நோக்கித் திரும்ப வேண்டும். ஒவ்வோர் அழைப்பும் எதில் முடிகிறது என்று எண்ணிப் பார்ப்போம். பள்ளிக் கட்டணம், நகை மீட்பு, மைத்துனன் திருமணம், திருவிழா வரி. எத்தனை உண்மையான தேவைகளாயினும், ஒவ்வொரு நாளும் கேட்கப்படுபவன், தன்னிடம் இல்லை என்று சொல்லும் துணிவை இழக்கிறான். வேறு சிலர் தொடர்பையே காவலாக்குகின்றனர். ஏன் எடுக்கவில்லை? செய்தியைப் பார்த்தும் ஏன் பதில் இல்லை? யாரோடு இருக்கிறாய்? நம்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் கைப்பேசியை நிறுத்துகிறோம். சவேரியாரின் தோழர்கள் அவரை ஆண்டுக்கணக்கில் நம்பினர். நாம் ஒரு மணி நேரம் நம்ப மறுக்கிறோம். கண்காணிப்புக்கு அஞ்சுபவன் கணக்குக் கொடுப்பான். மனம் திறக்க மாட்டான். உண்மை பேசுதல் பேசுபவனின் கடமை மட்டுமன்று. தன்னிடம் உண்மை சொல்லப்படத்தக்கவராக இருப்பது, கேட்பவரின் கடமை.

தொலைத்தொடர்பால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பதில் திருச்சபை தெளிவாக இருக்கிறது. ஊருக்கும் உலகுக்கும் திருத்தந்தை வழங்கும் ஆசீரை வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் பெறலாம். 2020 மார்ச் 27 அன்று, மழையில் நனைந்த வெறுமையான பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் வழங்கிய ஆசீரை உலகெங்கும் மக்கள் வீட்டிலிருந்தே பெற்றனர். ஆனால் அருட்சாதனங்கள் இணையத்தில் இல்லை என்று 2002-இல் சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை எழுதியது. ஒப்புரவுக்கும் நற்கருணைக்கும் ஆள் நேரில் வர வேண்டும். வாக்கு மனிதராகி நம்மிடையே குடிகொண்டார் என்று நம்பும் மக்களுக்கு இதன் காரணம் விளங்காததன்று. இறைவனே வானத்திலிருந்து வார்த்தையை மட்டும் அனுப்பி அமைந்துவிடவில்லை.

ஆகவே காணொளியைக் கொண்டு பிரிவை இல்லாததாக்கிவிட்டோம் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டா. பிரிவு பிரிவுதான், அதன் வலியை ஒப்புக்கொள்வதே உண்மையின் முதற்படி. அந்த உண்மைக்கு இடம் தரும் சில எளிய பழக்கங்களை நம் குடும்பங்கள் மேற்கொள்ளலாம். வாரத்தில் ஓர் அழைப்பேனும் கணவன் மனைவிக்கு மட்டும் உரியதாக இருக்கட்டும். சுற்றத்தார் சூழ்ந்து நிற்க வேண்டா. அவ்வழைப்பில் பணம் பற்றிய பேச்சு வேண்டுகோளாக இல்லாமல் கணக்காக இருக்கட்டும்: அங்கே வந்தது எவ்வளவு, இங்கே கடன் எவ்வளவு. முகம் பார்த்துச் சொல்ல நா எழாதவற்றைப் பழையபடி எழுதியே அனுப்பலாம். எழுதும் கைக்குக் கண்ணீர் தடையில்லை. துன்பச் செய்தி வரும்போது அழுது புலம்பியும் பழித்துரைத்தும் அதைச் சொன்னவரைத் தண்டிக்காதிருப்போம். வந்துவிடு, கஞ்சி குடித்தாவது ஒன்றாக இருப்போம் என்று சொல்லத் துணிவோம். சொன்னபடி அவன் வெறுங்கையுடன் வந்து இறங்கினால், ஊரார் என்ன சொல்வார்களோ என்று பாராமல் கதவைத் திறப்போம்.